ஒவ்வொரு பாகத்துக்கும் கார்பன் கணக்கு கேட்கிறார்கள்: சென்சாரா, சாப்ட்வேரா, எதில் தொடங்குவது?

சுழல்தண்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அலுமினியத் தண்டு வாங்கி, சிஎன்சியில் (கணினி ஓட்டும் கடைசல் எந்திரத்தில்) கடைந்து, அனோடைசிங் (தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி மேலே ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்து அனுப்பும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். எந்திரங்கள், கழுவும் தொட்டி, அனோடைசிங் வரிசை, இரண்டு கம்ப்ரசர், அவ்வளவுதான் ஆலை. பெரிய கஸ்டமர் ஒருவரிடமிருந்து இப்போது கடிதம் வந்திருக்கிறது: இனி ஒவ்வொரு பாக எண்ணுக்கும் தனித்தனியாகக் கார்பன் அளவு தரவேண்டும், உலக சராசரியைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது, முடிந்தவரை எங்கள் சொந்த டேட்டாவாக இருக்கவேண்டும்.

நிர்வாகம் உடனே ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தைக் கூப்பிட்டுவிட்டது. அவர்கள் காட்டிய படத்தில் இல்லாததே இல்லை. எல்லா எந்திரத்திலும் ஐஓடி (இணையத்தில் இணைந்த) சென்சார், டிஜிட்டல் ட்வின் (ஆலையின் கணினி நகல்), ஏஐ, சப்ளையர்களுக்கு பிளாக்செயின் (பலர் பகிரும், பிறகு திருத்த முடியாத பதிவேடு), எல்லாவற்றுக்கும் மேலே பச்சை நிறத்தில் ஒரு டேஷ்போர்டு. எங்களிடம் இருப்பது ஆலை முழுவதற்கும் ஒரே மின்மீட்டர், மாதம் ஒரு பில், இதிலிருந்து ஒரு பாகத்துக்கு எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். "அதை அல்காரிதம் பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். எதைப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் விளங்கவில்லை.

இதில் இறங்கியவர்கள் சொல்லுங்கள். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம், எது வெறும் பேச்சு? கணக்குக் கொடுப்பதோடு நிற்காமல் உண்மையிலேயே கொஞ்சம் மின்சாரமும் மிச்சமானால் நல்லது.

---

மின்மானி எழுதியது:

அல்காரிதம் எதையும் பார்த்துக்கொள்ளாது சார். ஒரே மீட்டர் இருக்கும்போது அது செய்யப்போவது மாத யூனிட்டை பாக எண்ணிக்கையால் வகுப்பதுதான், அதை நீங்களே எக்செல்லில் செய்துவிடலாம்.

முதல் வேலை துணை மீட்டர். ஒவ்வொரு எந்திரத்துக்கும் வேண்டாம். கம்ப்ரசர் அறைக்கு ஒன்று, அனோடைசிங் ரெக்டிஃபயருக்கு (தொட்டிக்கு டிசி மின்சாரம் தரும் கருவிக்கு) ஒன்று, தொட்டி சூடாக்கி, சில்லர், அப்புறம் ஒரே மாதிரி எந்திரங்களில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்று, விளக்கும் ஏசியும் சேர்ந்த ஃபீடருக்கு ஒன்று. மாட்பஸ் (கருவிகள் டேட்டா பரிமாறும் பொது மொழி) வெளியீடு இருக்கும் சாதாரண மூன்று ஃபேஸ் மீட்டர் போதும். ஆர்எஸ்-485 டேட்டா கம்பியை வரிசையாக இழுத்து ஒரு கேட்வேயில் (மீட்டர்களைக் கணினி வலையோடு இணைக்கும் பெட்டியில்) சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை யூனிட் கவுன்ட்டரைப் படியுங்கள். கிலோவாட்டை மட்டும் படித்துவிட்டுப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். நடுவில் ஒரு ரீடிங் விட்டுப்போனாலும் கவுன்ட்டர் கணக்கு கெடாது, கிலோவாட் கணக்கில் ஓட்டை விழும்.

மாட்டியவுடன் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது, பல ஆலைகளில் பார்த்திருக்கிறேன். சிடியை (மீட்டருக்காகக் கம்பியைச் சுற்றி மாட்டும் மின்னோட்ட வளையத்தை) ஒரு ஃபேஸில் திருப்பி மாட்டிவிடுவார்கள். மூன்று ஃபேஸிலும் சமமான லோடு இருந்தால் இரண்டு கூட்டலாகவும் ஒன்று கழித்தலாகவும் வந்து, மீட்டர் உண்மையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். "ஆஹா, இந்த எந்திரம் எவ்வளவு சிக்கனம்" என்று மாதக்கணக்கில் சந்தோஷப்படுவார்கள். ஃபேஸ் வாரியாகக் கிலோவாட்டைத் திறந்து பாருங்கள், ஒன்றுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் அதுதான். எல்லாத் துணை மீட்டரையும் கூட்டினால் பிரதான மீட்டருக்கு அருகில் வரவேண்டும், வராவிட்டால் மேற்கொண்டு எதுவும் கட்டாதீர்கள்.

மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்றீர்களே, விடுமுறை நாள் வரைபடத்தைப் பாருங்கள். யாருமே வேலை செய்யாத நேரத்தில் ஆலை எவ்வளவு இழுக்கிறது? உங்கள் மாதிரி இடத்தில் பெரும்பாலும் கம்ப்ரசர்தான் மாட்டும். சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் அழுத்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போவது சகஜம். 7 பார் அழுத்தத்தில் வெறும் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நான்கு கிலோவாட்டுக்கு அருகில் விழுங்கும், ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் சுமார் 35,000 யூனிட். அழுத்தத்தை 1 பார் குறைக்க முடிந்தால் கம்ப்ரசர் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 7 சதவீதம் குறையும். ஸ்குரூ கம்ப்ரசர் காற்று எதுவும் தராமல் அன்லோடில் சும்மா சுற்றும்போதும் முழு லோடில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இழுத்துக்கொண்டிருக்கும், இதை மாத பில்லில் எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது, ஐந்து நிமிட வரைபடத்தில் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று. தொட்டி பம்பு, வெளியேற்றும் ஃபேன் இவற்றில் வால்வையோ டேம்பரையோ பாதி மூடி ஓட்டுகிறீர்களா? அப்படியென்றால் வேகத்தை மாற்றும் டிரைவ் போடுங்கள். ஃபேனை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், வேகத்தின் மும்மடிக் கணக்கு அது. இதற்கு ஏஐ எதுவும் தேவையில்லை.

---

கரிக்கணக்கு எழுதியது:

மின்மானி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் கஸ்டமர் கேட்டிருப்பது பாகத்தின் கார்பன் அளவு. அதில் உங்கள் ஆலையின் மின்சாரம் எவ்வளவு பங்கு என்பதைத் தாளில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு சென்சார் வாங்கப் போங்கள்.

ஒரு பாகம் முடிந்த பிறகு 1 கிலோ, அதற்கு எடுத்த தண்டு 2.5 கிலோ, மீதி ஒன்றரைக் கிலோ சீவல் என்று வைத்துக்கொள்வோம். கடைசலும் அனோடைசிங்கும் சேர்ந்து 3 யூனிட் ஆகிறது, உங்கள் மின்கட்டத்தில் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று எடுத்தால் 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். இப்போது உலோகத்துக்கு வாருங்கள். தாதுவிலிருந்து எடுக்கும் முதன்மை அலுமினியத்துக்கு மின்பகுப்பில் மட்டும் கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் போகிறது. நிலக்கரி மின்சாரத்தில் உருக்கியது என்றால் கிலோவுக்கு 16 முதல் 20 கிலோ வரை வரும், நீர்மின்சாரத்தில் உருக்கியது என்றால் 4 கிலோ அளவில் நிற்கும். பழைய உலோகத்தை உருக்கி எடுப்பதற்கோ முதன்மை உலோகத்துக்கு ஆகும் ஆற்றலில் 5 சதவீதம்தான். ஆக, அதே 2.5 கிலோ தண்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து 10 கிலோவும் வரும், 50 கிலோவும் வரும். உங்கள் ஆலையின் 2 கிலோவை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது இந்த வித்தியாசத்துக்குள் காணாமல் போய்விடும்.

அதனால் முதல் டிஜிட்டல் வேலை கொள்முதல் பிரிவில்தான் என்பேன். வரும் ஒவ்வொரு தண்டுக் கட்டுக்கும் ஹீட் எண் (எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்ற எண்), உருக்காலை, மறுசுழற்சிப் பங்கு, சப்ளையர் கொடுத்த கார்பன் அறிவிக்கை, இவை நான்கும் ஈஆர்பியில் (கொள்முதல், ஸ்டோர், உற்பத்திக் கணக்கு சாப்ட்வேரில்) லாட்டோடு ஒட்டிக்கொண்டு வரவேண்டும். ஸ்டோரில் வேறு ஹீட்டுகளைக் கலந்து அடுக்கிவிட்டால் எல்லாம் போச்சு, எந்தத் தண்டு எந்த வேலைக்குப் போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பார்கோடு ஒட்டி, வேலை அட்டையோடு சேர்த்து ஸ்கேன் செய்யும் ஒரு சாதாரண ஏற்பாடு போதும்.

மறுசுழற்சிப் பங்கு 80 சதவீதம் என்று சப்ளையர் எழுதியிருந்தால் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், எந்த ஸ்கிராப் என்று கேளுங்கள். மக்கள் பயன்படுத்தி முடித்துத் திரும்பி வந்ததா, இல்லை இன்னொரு ஆலையின் சீவலா? ஆலைச் சீவலுக்குக் கார்பன் சுமையே இல்லை என்று வைத்துக் கணக்குப் போடும் முறை ஒன்று உண்டு. அந்த வழியில் போனால் நேற்று நிலக்கரி மின்சாரத்தில் உருக்கி, பாதியைச் சீவலாக்கித் திரும்ப உருக்கிய உலோகம்கூடத் தாளில் சுத்தமாகிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த ஓட்டை, எந்த சாப்ட்வேரும் தானாக இதைக் காட்டாது. பொருளின் கார்பன் அளவுக்கான ஐஎஸ்ஓ 14067 தரம், ஜிஎச்ஜி புரோட்டோகால் (பசுங்குடில் வாயுக் கணக்கு விதிமுறை) 2011-ல் கொண்டுவந்த பொருள் கணக்குத் தரம், இரண்டில் எதைப் பின்பற்றினாலும் எல்லை எது, பங்கீடு எப்படி என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். சாப்ட்வேர்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட முடியாதவரிடம் வாங்கவேண்டாம்.

பங்கீடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உலோகத்தை எடையால் பிரிக்கலாம், கடைசலை எந்திர நேரத்தால் பிரிக்கலாம், ஆனால் அனோடைசிங்கை எடையால் பிரிக்காதீர்கள், அது பரப்பளவைப் பொறுத்தது. மெல்லிய தகடு மாதிரியான பாகம் எடையில் ஒன்றுமிருக்காது, தொட்டியில் நிறைய ஆம்பியர் குடிக்கும்.

---

தரமேடை எழுதியது:

யாரும் ரிஜெக்ட்டைப் பற்றிப் பேசவில்லையே. கடைசி ஆய்வில் தள்ளப்படும் பாகத்தோடு அதன் உலோகம், கடைசல், அனோடைசிங் எல்லாக் கார்பனும் சேர்ந்து போகிறது, அந்தச் சுமை நல்ல பாகங்களின் தலையில்தான் ஏறும். ரிஜெக்ட் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் ஆனால் உங்கள் ஆலையின் விளக்கையெல்லாம் எல்ஈடி ஆக்கியதைவிட அதிகமாக மிச்சமாகலாம். எந்திரக் கன்ட்ரோலரிலிருந்து எம்டி-கனெக்ட், ஓபிசி-யூஏ என்ற பொது டேட்டா வடிவங்களில் ஏதாவது ஒன்றின் வழியாக ஸ்பிண்டில் (எந்திரத்தின் சுழலும் தண்டு) லோடு வருகிறது, அதை டூல் தேய்மானத்தோடு சேர்த்துப் பாருங்கள். டூல் மழுங்கும்போது லோடு ஏறும், அளவு விலகும். ஏஐ என்று விற்கிறார்களே, அதில் இந்த ஒன்று உருப்படியானது. அதையும் முதலில் சாதாரண கன்ட்ரோல் சார்ட்டில் (அளவு வரம்பைத் தாண்டுகிறதா என்று காட்டும் வரைபடத்தில்) போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

டிஜிட்டல் ட்வின் இந்த அளவு ஆலைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. தொடர்ந்து எரியும் உலை, ரசாயன உலைகலன் மாதிரி இடத்தில், சோதித்துப் பார்க்க நிறுத்தவே முடியாது என்னும்போது, கணினியில் ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. உங்களுக்குச் சந்தேகம் வந்தால் எந்திரத்திலேயே ஒரு பாகத்தை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

---

மூன்றாம்அடுக்கு எழுதியது:

கொள்முதல் பிரிவு சப்ளையரிடம் கேட்கவேண்டும் என்று கரிக்கணக்கு சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் அந்தச் சப்ளையர் பக்கம் உட்கார்ந்திருப்பவன். ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு போர்ட்டல், ஒவ்வொன்றுக்கும் ஒரு லாகின், ஒரே தண்ணீர்க் கணக்கை ஒருவர் லிட்டரில் கேட்கிறார், இன்னொருவர் கனமீட்டரில் கேட்கிறார், மூன்றாமவர் "கடந்த நிதியாண்டு" என்கிறார், ஆனால் அவருடைய நிதியாண்டும் எங்களுடையதும் வேறு. இதையெல்லாம் நிரப்புவது பெரும்பாலும் கணக்கு எழுதும் ஒரு பிள்ளை. காலியாக விட்டால் போர்ட்டல் அடுத்த பக்கம் போகாது, அதனால் ஏதோ ஒரு எண் விழும். அந்த எண்ணைத்தான் நீங்கள் மேலே "முதல்நிலை டேட்டா" என்று பச்சை வட்டத்துக்குள் காட்டுகிறீர்கள்.

இன்னொரு சங்கடம், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒரு பாகத்துக்கு எத்தனை யூனிட், எவ்வளவு சீவல், எத்தனை சதவீதம் ரிஜெக்ட் என்று விலாவாரியாகக் கொடுத்தால் எங்கள் அடக்கவிலையைக் கொடுத்த மாதிரிதான். அடுத்த விலைப் பேச்சில் அதே தாள் மேசைக்கு வரும். அதனால் மொத்தக் கார்பன் எண்ணை மட்டும் கேளுங்கள், உள்விவரத்தை வெளி ஆய்வாளர் யாராவது பார்த்துச் சரிபார்க்கட்டும்.

கேட்கும்போது பொது வடிவத்தில் கேட்டால் பாதித் தொல்லை தீரும். உலக வணிகக் கவுன்சிலான டபிள்யூபிசிஎஸ்டியின் கீழ் பேக்ட் என்ற கூட்டு முயற்சி, பொருள் கார்பன் அளவைக் கணக்கிடவும் ஒரு நிறுவனத்தின் சாப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பவும் பொது விதிமுறை போட்டு வைத்திருக்கிறது. வாகனத் துறையில் கேட்டீனா-எக்ஸ் என்ற டேட்டா பகிர்வு வலை இருக்கிறது. இவற்றோடு பேசத் தெரியாத சாப்ட்வேரை நீங்கள் வாங்கினால் எங்களுக்கு இன்னொரு போர்ட்டல், அவ்வளவுதான் பலன்.

---

கண்ணி எழுதியது:

பிளாக்செயின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கப்பல் சரக்குக்காக மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டிரேட்லென்ஸைப் பாருங்கள். பணமும் ஆளும் தொழில்நுட்பமும் குறைவில்லாமல் இருந்தும், உலகத் துறை முழுவதும் ஒத்துழைக்கும் நிலை வரவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். போட்டியாளர் நடத்தும் மேடையில் தன் டேட்டாவைக் கொண்டுபோய் வைக்க யாருக்கு மனம் வரும்? அங்கே குறுக்கே நின்றது சங்கிலி இல்லை, நம்பிக்கை.

அதைவிட அடிப்படையான விஷயம், பதிந்த எண்ணை யாரும் பிறகு மாற்றவில்லை என்பதற்குத்தான் பிளாக்செயின் சாட்சி. பதியும்போதே அது சரியான எண்தானா என்பதற்குச் சாட்சி கிடையாது. மேலே கணக்குப் பிள்ளை போட்ட எண் பொய் என்றால், இனி அழிக்கவே முடியாத பொய்யாகிவிடும்.

ஆனால் தடமறிதல் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சட்டமாகிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி ஒழுங்குமுறைப்படி 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரி, மின்சைக்கிள் போன்ற இலகு வாகன பேட்டரி, 2 யூனிட்டுக்கு மேல் கொள்ளளவுள்ள தொழில்துறை பேட்டரி ஒவ்வொன்றுக்கும் க்யூஆர் குறியோடு டிஜிட்டல் பாஸ்போர்ட் (பொருளின் விவரப் பதிவு) வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சூழல் வடிவமைப்பு ஒழுங்குமுறை அதே பாஸ்போர்ட்டை மற்றப் பொருள்களுக்கும் விரிக்கிறது, முன்னுரிமைப் பட்டியலில் இரும்பும் எஃகும் இருக்கின்றன, உங்கள் அலுமினியமும் இருக்கிறது. அவர்களுடைய எல்லைக் கார்பன் வரி (இறக்குமதிப் பொருளின் கார்பனுக்குக் கட்டணம்) ஏற்பாட்டில் 2023 அக்டோபரிலிருந்து அறிக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், 2026 ஜனவரி முதல் பணக் கடமையும் சேர்ந்துகொண்டது. சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் அதில் வருகின்றன. உங்கள் கஸ்டமர் திடீரென்று கடிதம் எழுதியதற்குக் காரணம் இதில் ஏதாவது ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். எது என்று கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கணக்கின் எல்லை அதைப் பொறுத்து மாறும்.

இதற்கெல்லாம் பிளாக்செயின் கட்டாயம் இல்லை. எந்தப் பொருள், எங்கே, எப்போது, எதற்காகக் கைமாறியது என்று பதிய ஜிஎஸ்1 அமைப்பின் எப்சிஸ் என்ற தரம் பல ஆண்டாக இருக்கிறது, 2022-ல் வந்த 2.0 பதிப்பில் சென்சார் டேட்டாவையும் சேர்க்கலாம். சாதாரண டேட்டாபேஸ் ஒன்று, ஒழுங்கான லாட் எண், இரண்டும் இருந்தால் வண்டி ஓடும்.

---

சுழல்தண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கஸ்டமரிடம் கேட்டுவிட்டேன், எல்லைக் கார்பன் வரி இல்லையாம், அவர்களுடைய ஸ்கோப் 3 (வாங்கும் பொருள் முதலியவற்றின் வழியாக வரும் கார்பன்) கணக்குக்குத்தான். கரிக்கணக்கு சொன்ன மாதிரி எங்கள் பாகங்கள் சிலவற்றுக்குத் தாளில் போட்டுப் பார்த்தேன், உலோகம்தான் பத்தில் ஒன்பது பங்கு. ஒரு பாகத்தில் தண்டில் முக்கால்வாசி சீவலாகப் போகிறது. அதையே வார்ப்பாகவோ ஃபோர்ஜிங்காகவோ வாங்கிக் கொஞ்சமாகக் கடைந்தால் என்ன என்று வடிவமைப்புப் பிரிவு கேட்கிறது, அது தனிக் கதை.

இரண்டு சந்தேகம். சீவலைத் திரும்ப விற்கிறோமே, அதற்குக் கழித்துக்கொள்ளலாமா? அப்புறம், நிர்வாகம் பசுமை மின்சாரச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மின்சாரத்துக்குப் பூஜ்யம் போட்டுவிடலாம், எதற்கு மீட்டர் என்கிறது. என்ன பதில் சொல்ல?

---

கரிக்கணக்கு எழுதியது:

சீவலுக்கு: நீங்களும் கஸ்டமரும் ஒரே முறையை ஒத்துக்கொள்ளவேண்டும். வெட்டு முறை என்றால் கழிக்க முடியாது, சீவல் அடுத்தவர் வாசலுக்குப் போனதும் உங்கள் கணக்கு முடிந்தது. கழித்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது, ஆனால் வரும் தண்டில் மறுசுழற்சிப் பங்குக்குச் சலுகை எடுத்துவிட்டு, போகும் சீவலுக்கும் சலுகை எடுத்தால் ஒரே உலோகத்துக்கு இரண்டு முறை எடுத்ததாகிவிடும், சரிபார்ப்பவர் அங்கேதான் முதலில் கை வைப்பார். ஒரு வழி இருக்கிறது: அதே கலவைச் சீவலைத் தனியாகப் பிரித்து, எண்ணெய் வடித்து, தண்டு தரும் ஆலைக்கே திருப்பி அனுப்பி, அதிலிருந்து செய்த தண்டையே வாங்குவது. அப்போது சீவல் உங்கள் சுற்றுக்குள்ளேயே சுழல்வதை எடைச்சீட்டோடு காட்டலாம், எந்தச் சலுகை முறை என்ற சண்டையும் பெரும்பாலும் அடங்கும். கலவைகள் கலந்துவிட்டால் மட்டும் இது நடக்காது.

சான்றிதழுக்கு: ஜிஎச்ஜி புரோட்டோகாலின் 2015 வழிகாட்டியில் இரண்டு கணக்கையும் காட்டச் சொல்லியிருக்கிறது. மின்கட்டத்தின் சராசரிப்படி ஒன்று, வாங்கிய ஒப்பந்தம், சான்றிதழ்படி இன்னொன்று. இரண்டாவதில் பூஜ்யம் போடலாம், முதலாவதில் முடியாது. அந்த வழிகாட்டி நிறுவனக் கணக்குக்கானது, பாகக் கணக்கில் கஸ்டமர் எதை ஏற்பார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

மின்மானி எழுதியது:

நிர்வாகத்துக்கு நான் சொல்லும் பதில்: சான்றிதழ் வாங்கினாலும் கசியும் காற்றுக்கு மின்கட்டணம் கட்டத்தான் வேண்டும்.

மீட்டர் மாட்டும்போது எல்லா எந்திரக் கன்ட்ரோலரையும் கேட்வேயையும் ஸ்கேனர் கணினியையும் ஒரே நேர சர்வரோடு இணைத்துவிடுங்கள். கன்ட்ரோலர் கடிகாரம் பத்து நிமிடம் முன்னே ஓடினால் ஒரு பாகத்தின் மின்சாரம் அடுத்த பாகத்தின் கணக்கில் போய் விழும், அது எந்த டேஷ்போர்டிலும் தெரியாது. கம்ப்ரசர் அறையில் மட்டும் முதலில் மாட்டிவிட்டு, அடுத்த விடுமுறை நாள் வரைபடம் கிடைத்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.